ஒளியிடமிருந்து ஒளித்தவை

ஐந்து மணிக்கே இருட்டிவிடும் சஸ்கட்டூனில்
வெளிச்சத்தைப் படிப்பதற்காகக்
கதவைச் சாத்திக்கொண்டவள் நான்.
முப்பத்தோரு வருடம்.

ஒரே ஒரு சிவப்பு விளக்கு.
அது என் மூலக்கூறுகளின் காதில் விழாத குரல்.
மற்ற நிறமெல்லாம் அவற்றுக்கு உத்தரவு.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது.
வெளிச்சமும் ஒளி,
மறைந்துகொள் என்பதும் ஒளி.
குப்பிகளை அலுமினியத் தாளில்
பொதிந்துகொண்டிருந்த ஒக்ஸானாவிடம் சொன்னேன்.
"அப்படியானால் உங்கள் ஆட்களுக்கு
இந்தப் பாடம் பாதி தெரியுமே" என்றாள்.
பாதிதான்.
மீதிக்கு நிதி கேட்டு
ஒவ்வொரு அக்டோபரும் எழுதினேன்.

தொட்டாற்சுருங்கி மாதிரி என்று
வகுப்பில் சொல்ல வாயெடுத்து,
பனி அப்பிய ஜன்னலைப் பார்த்து,
தாழ்ப்பாள் மாதிரி என்று மாற்றிக்கொண்டேன்.
புற ஊதா பட்டால் பூட்டிக்கொள்ளும், சிவந்துபோகும்.
பச்சை பட்டால் திறந்துகொள்ளும், வெளுத்துவிடும்.
பூட்டு, திற, பூட்டு, திற.
எண்ணுவதுதான் இந்தத் தொழிலில் பெரும்பகுதி.
எழுபதாவது முறை மக்கர் செய்தது.
நூற்றுப் பன்னிரண்டில்
இடையில் மாட்டி நின்றுவிட்டது.
இதற்குச் சோர்வு என்று பெயர்.
நான் வைத்ததல்ல, கலைச்சொல்லே அதுதான்.
குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுதிய இரவு
மகன் பிறந்து ஐந்தாவது வாரம்.
சோர்வு என்று மட்டும் எழுதியிருக்கிறது.
யாருடையது என்று இல்லை.

இரண்டாவது மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்:
இதனால் யாருக்கு என்ன பயன்?
அவர் மூக்கில் இருந்திருக்கும்
வெயிலில் தானே கறுக்கும் கண்ணாடி.
அதைப் பதிலில் எழுதி,
அழித்து,
மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி என்று முடித்தேன்.

2009 பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
இருநூற்றுப் பதினேழாவது சேர்மம்,
நுண்ணோக்கியின் கீழே ஊசிபோல ஒரே ஒரு படிகம்.
ஒக்ஸானா புற ஊதாவைத் திறந்தாள்.
படிகத்தைக் காணோம்.
உருகவில்லை, உடையவில்லை.
கண்ணாடித் தகடு துடைத்த மாதிரி கிடந்தது.
"குதித்துவிட்டது" என்றாள்,
பூனையைப் பற்றிச் சொல்வதுபோல.

தனித்தனியாய் அவை சுருங்குவது
அளவென்று சொல்ல முடியாத அளவு.
ஊர் கூடி இழுத்தால் தேர் நகரும்.
அன்று ஊரே ஒரே கணத்தில்
வடத்தை வெட்டி இழுத்திருக்கிறது.

இரண்டு பேரும் முழங்காலிட்டுத்
தரையில் தவழ்ந்தோம், சிவப்பு டார்ச்சோடு,
இரவு பதினொன்றுவரை.
என் ஆய்வு வாழ்க்கையின் சிறந்த நாள் அது,
குப்பைக் கூடைக்குப் பின்னால்,
கிடைக்காத ஒன்றைத் தேடியபடி.
காலையில் வந்த லாவலே
நல்ல மனதோடு தரையைக் கூட்டிவிட்டார்.

அப்படி இன்னொன்று வளரப் பதினான்கு மாதம்.
அது துள்ளுவதைப் படம் பிடித்தபோது
ஒக்ஸானா ஹாமில்டனில்,
ஒரு பெயிண்ட் கம்பெனியில்.
கட்டுரையில் அவள் பெயரை முதலில் போட்டேன்.
தொலைபேசியில் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அந்தப் பழையது கிடைத்ததா?"

இந்த வாரம் ஆய்வகத்தைக் காலி செய்கிறேன்.
ஜன்னல் பக்கத்துத் தட்டில் ஒரு குப்பி,
தாள் சுற்றி, என் கையால் முடிச்சிட்டது.
மேலே ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து இருந்த இடம்.
மை முழுக்க வெளுத்துவிட்டது.
உள்ளே இருப்பதைப் பொதிந்து காத்தேன்.
அதன் பெயரை வெயிலில் விட்டுவிட்டேன்.

கழிவுப் படிவம் பெயர் கேட்கிறது.
எடை தெரியும்: இரண்டு கிராம்.
ஆபத்து என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி இருந்தேன்.

பிறகு தாளை ஓர் ஓரம் மட்டும் உரித்து
ஜன்னலோரம் நீட்டினேன்.
மணி நாலரை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூரியன்
பாலத்தின் உயரத்துக்கு இறங்கியிருந்தது.
மெல்லச் சிவக்கிற மாதிரி இருந்தது.
வெயிலும் அந்நேரம் சிவப்புதான்.