வரான்

க.க. சாவடி எடைமேடையில்
இரவுப் பணி எனக்கு.
வாளையார் தாண்டப் போகிற லாரி
முதலில் என் மேடையில் ஏறி இறங்கும்.
பதினாறு டன் நாற்பது. இருபத்தொன்று டன் பத்து.
ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டால்
அடுத்த வண்டி வரும்வரை
வங்கித் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம்.

இன்றைக்கு எட்டாம் பாடம்.
டு என்று ஒரு குட்டிச் சொல்,
அதன் பின்னால் வெறும் வினை:
டு கோ, டு கம், டு வெயிட்.
யார் என்று கேட்கக்கூடாது,
நேற்றா நாளையா என்றும் கேட்கக்கூடாது.
ஓசூரிலிருந்து நெடுஞ்சாலையில் வருமே
பாடி கட்டாத சேஸிஸ், நம்பர் இல்லாமல்,
தலையில் துண்டு கட்டிய டிரைவர்
காற்றிலேயே உட்கார்ந்து ஓட்டுவாரே,
அது மாதிரி.

தமிழில் டு கூட வேண்டாம்.
போக, வர, காத்திருக்க.
அகரத்தில் முடிந்து
வாயைத் திறந்தபடியே நிற்கும்.

மேற்கே நாலு கிலோமீட்டரில்
வினைக்கு வாலே கிடையாது.
ஞானும் போயி, அவனும் போயி, அவளும் போயி.
நாங்கள்தான் ஒவ்வொரு போனதிலும்
ஏன், ஆன், ஆள் என்று ஆளை ஏற்றிக்கொண்டு வருகிறோம்.
ஓவர்லோடு.

போன ஆனி மாசம்.
சென்னியப்பன் போன் தண்ணீரில் விழுந்த வாரம்.
அவன் வண்டி கிளீனர் ஜிபின்
யாருடைய நம்பரிலிருந்தோ கூப்பிட்டான்.
கணவாய்க் காற்று பாதி வார்த்தையைத் தின்றது.
"சேச்சீ, அண்ணன் வரான் பறஞ்ஞு. பத்து மணி."
வைத்துவிட்டான்.

அண்ணன் என்கிறான், வரான் என்கிறான்,
மரியாதை தெரியாத பையன் என்று சிரித்தேன்.
எனக்கு அது படர்க்கை, ஆண்பால், ஒருமை, நிகழ்காலம்.
தலை வாரிக்கொண்டேன்.
பிளாஸ்கில் இரண்டு டீ வாங்கி வைத்தேன்.
அன்றிரவு நாற்பத்தேழு வண்டி.

என் அண்ணன்களுக்கு எட்டாத ஊர் என்று
பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில்,
ஆதார் நகல், போட்டோ, இரண்டு சாட்சிகளோடு
கடைசி பஸ் வரை நின்றானாம்.
பிறகு முதல் பஸ் வரை.
டீக்கடையில் யாரோ சொன்னது,
ஒரு மாசம் கழித்து.
ஏன் நின்றான் என்பதை
இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

ஜிபினின் வரான் எங்கள் வர.
வரச் சொன்னார்.
ஆளே இல்லாத வினை,
அந்த ஆள் நான்.
தெரியாத வார்த்தையா? பத்து வருஷமாய்க் கேட்பதுதான்.
அன்றைக்குக் காது தனக்கு வேண்டியதைக் கேட்டது.
முதலெழுத்தை இழுத்தால், பழைய தமிழில்
வாரான்: வரமாட்டான்.
அதுவும் நடந்துவிட்டது.

புத்தகம் இன்னொன்று சொல்கிறது.
நான் அவனைக் காக்க வைத்தேன் என்றால்
ஆங்கிலத்தில் டு வராது.
அவன் காக்க வைக்கப்பட்டான் என்று எழுதினால்
உடனே வந்துவிடுகிறது,
மேட்டில் நிற்கும் சக்கரத்துக்கு
அடை கொடுத்த கல் போல.
என் வாக்கியத்தில் இல்லாத கல்
அவன் வாக்கியத்தில்.

அடுத்தது நிறுத்து.
உதாரணம் சிகரெட் பற்றி இருந்தது, நான் மாற்றிக்கொண்டேன்.
எடை போட நிறுத்தினான்: டு உண்டு.
எடை போடுவதை நிறுத்தினான்: டு இல்லை.
நவக்கரை மேடையில் ஏறுகிறதாம் இப்போது அவன் வண்டி.

இரண்டே முக்காலுக்கு நிஜமாகவே ஒரு சேஸிஸ்.
துண்டை அவிழ்த்தபடி அந்த ஆள் ஜன்னலுக்கு வந்தார்.
எடையா என்றேன்.
"வெறும் எலும்புக்கு எடை எதுக்குங்க,
வழி கேக்க நிறுத்துனேன்.
பாலக்காடு ஸ்டாண்டு எவ்வளவு தூரம்?"

இருபத்தாறு கிலோமீட்டர் என்றேன்.
அன்றைக்கும் அவ்வளவுதான்.