கையெழுத்துக்குப் பிறகு

கணபதியில், ஃபவுண்டரிகளுக்கு நடுவில்,
மோட்டார் சோதிக்கிற ஆறாம் மேசை என்னுடையது.
ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு ஆம்பியர் முள், என் காது.
பேரிங் சரியாக உட்காராத மோட்டார்
தூக்கத்தில் பல் கடிக்கிற பிள்ளை மாதிரி இருக்கும்.
சரியாக ஓடினால் சீட்டில் கருணாம்பிகை என்று போடுவேன்.
அப்புறம் லாரி.
பதினொரு வருஷத்தில்
நான் கையெழுத்துப் போட்ட ஒன்றைக்கூட
எந்தக் கிணற்றிலும் பார்த்ததில்லை.

வீட்டில் இரண்டு கட்சி.
வீட்டுக்காரர் சென்னியப்பன். சென்னிமலைக்காரர் பேரைச் சுமந்துகொண்டே
இல்லை, இல்லவே இல்லை என்பவர்.
ஈரோட்டுக் கூட்டத்துக்கு அவருடைய கருப்புச் சட்டையைத்
தேய்த்துக் கொடுப்பது நான்.
நங்கை மரகதம் காங்கயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார்.
விற்கலாமா என்று பூவாக்குக் கேட்பார்.
வெள்ளை வந்தால் வண்டியை வரச் சொல்வார்,
செவ்வரளி வந்தால் இன்னும் ஒரு வாரம் காயும்.

"நீயி எந்தப் பக்கம் அம்முணி?"

செஞ்சவர் ஒருத்தர் இருக்காருங்க, என்றேன்.
செஞ்சு முடிச்சு எந்திரிச்சுப் போயிட்டாருங்க.
முதல் வரிக்கு அவர் முகம் சுளித்தார்,
இரண்டாவதற்கு நங்கை.
"அப்பறம் எதுக்கு அந்தச் சாமி?"
தெரியவில்லை.
பருத்தி வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால்
கை தானாகக் குவிகிறது.
கேட்கத்தான் ஒன்றும் வருவதில்லை.

என்னை மாதிரி ஆட்கள் முன்பே உண்டென்று
ஒரு காகிதம் சொன்னது. பேரிங்கைச் சுற்றி வந்த
ஏதோ கலைக்களஞ்சியத்தின் கிழிந்த தாள்;
பேர்கள் இருந்த ஓரத்தைக் கிரீஸ் தின்றிருந்தது.
நாட்டை ஆண்ட ஒருவர் கத்தியெடுத்து
வேதத்தில் அற்புதங்களை விட்டுவிட்டு
நல்ல பேச்சை மட்டும் வெட்டி ஒட்டிப் படித்தாராம்.
இன்னொருவர் தன் காசில் கோயில் கட்டி
கடவுள் பேரைச் சின்னதாக, தன் பேரைப் பெரிதாகப்
பொறித்து வைத்தார்
(நம்ம ஊர் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரி).
இடியைக் கம்பி வழியே மண்ணுக்கு இறக்கியவரும் எங்கள் ஆள்தான்.
எர்த் கொடுப்பதும் ஒரு பூசை என்று
படித்த அன்று நினைத்துக்கொண்டேன்.
கடைசி ஆள் இடுப்புக் கச்சை தைத்தவர்,
அரசர்கள் பயப்படுகிற மாதிரி எழுதியவர்.
அவர் சவத்தின் பின்னால் நடந்தது ஏழெட்டுப் பேர்கூட இல்லை.
தாள் அதோடு கிழிந்திருந்தது.

ஆடியில் நங்கையோடு சிவன்மலை ஏறினேன்.
யாரோ ஒருவர் கனவில் ஆண்டவர் உத்தரவாகி
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொருள்.
மழை வருமா, மஞ்சள் விலை ஏறுமா என்று வெளியே கூட்டம்.
என் கனவில் வந்தால்
பெட்டியைக் காலியாக வை என்பார்.
நங்கையிடம் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு மோட்டார் திரும்பி வந்தது.
முத்தூர்ப் பக்கம். ஈரக் கை, ஒரே நொடி.
சுப்பராயன், நாற்பத்தொரு வயசு.
தோட்டத்தில் எர்த் கம்பியை யாரும் மாட்டவில்லை,
மோட்டாரில் குற்றமில்லை என்று மேனேஜர் எழுதினார்.
நானும் பிரித்துப் பார்த்தேன். இல்லைதான்.
சீட்டில் என் பேர் நனைந்தும் அழியவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான்
எந்திரிச்சுப் போனவர் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறிப் போனேன்.
பையில் செப்புக் கம்பி, குழாய், உப்பு, கரி.
"கம்பெனியில இருந்து ஆளே வராதுன்னாங்க,"
என்றார் வள்ளாத்தாள்.
அழவில்லை, திட்டவில்லை.
கடப்பாரையை அவரே எடுத்து வந்தார்.
கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு,
நடுவில் குழாயை நட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.
புது மோட்டாருக்கு சுவிட்சை யார் போடுவதென்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

நான் போட்டேன்.
கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்த சத்தம்
மேசையில் கேட்டது மாதிரியே இல்லை.