ஒலி அணைத்த நான்கு மணி நேரம்

திங்கள், புதன், வெள்ளி.
வூச் நகரத்து மருத்துவமனை, மூன்றாம் தளம்,
பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள்.
சுவரில் ஒட்டிய தாளில் ஒரே ஒரு சட்டம்:
கருவிகளின் ஒலியை அணைத்து வைக்கவும்.
கருவிகள் என்றால் எங்களுடையவை.
ரத்தம் கழுவும் இயந்திரத்துக்கு
விலக்கு உண்டு.

இடது கையில் இரண்டு ஊசிகள்.
அது அசையக் கூடாது.
ஆக, எனக்கு வாய்க்கும் விளையாட்டு
ஒற்றைக் கையில் அடங்க வேண்டும்
வாய் திறக்கக் கூடாது
நடுவில் நான் தூங்கிப்போனால்
கோபித்துக்கொள்ளக் கூடாது.
கல்யாணத்துக்குக்கூட நான்
இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

இருபத்திரண்டு வருடம் டிராம் ஓட்டினேன்.
காலால் மணியை மிதித்து மிதித்து
ஊரை ஒதுங்கச் சொன்னவன்
இப்போது ஒரு நரியைப்
பனியில் நடத்திப் போகிறேன்.
வாயில் விளக்கு கவ்விய நரி.
பனி ஆழமென்றால் காது மடங்கும்.
பாலம் இற்றிருந்தால் வால் தாழும்.
ஓநாய் வருமுன்னே சுடர் ஒரு பக்கம் சாயும்.
எல்லாவற்றையும் கண்ணிடமே சொல்லிவிடுகிறது.
இதைச் செய்தவர் வீட்டிலும்
யாரோ பக்கத்து அறையில்
தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாற்காலி இக்னாட்ஸிக்கு. பத்தொன்பது வயது.
வந்த புதிதில் துப்பாக்கி விளையாட்டு.
முதுகுக்குப் பின் வரும் காலடி கேட்காமல்
நிமிடத்துக்கு ஒரு தடவை செத்தான்.
"இங்கே வந்து இப்படிச் சாகாதேடா" என்றாள் நர்ஸ் கிங்கா
ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியபடி.
சொன்ன பிறகுதான்
சொன்னது அவளுக்கே உறைத்தது.
சிரிக்கலாமா என்று
எல்லோரும் அவனைப் பார்த்தோம்.
அவன்தான் முதலில் சிரித்தான்.
இப்போதெல்லாம் சீட்டு அடுக்குகிறான்.

ஜன்னலோரம் தியோதோஸியா.
நெசவாலைத் தறிகளுக்குப்
பாதிச் செவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்.
மீன் பிடிப்பார்.
தக்கை முங்கினால் சுண்ட வேண்டும், அவ்வளவுதான்.
எங்களுக்குத் தண்ணீர் அளந்துதான்,
கோப்பையில் கோடு போட்டு.
அவர் மட்டும் நான்கு மணி நேரம்
ஒரு ஏரியையே
மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

நவம்பரில் ஒரு செவ்வாய் இரவு
அவருக்கு அழைப்பு வந்தது.
யாரோ ஒருவருடைய சிறுநீரகம்.
பெயரைச் சொல்ல மாட்டார்கள்.
புதன்கிழமை அந்த நாற்காலியில் புது விரிப்பு.
நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல்
அவரவர் திரையைப் பார்த்தோம்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் வந்தார்.
கிங்கா சட்டத்தை மீறி
ஒலியைக் கூட்டி நடுவில் பிடித்தாள்.
"வீட்டில் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன்!
ஒவ்வொரு மீனுக்கும் எக்காளம் ஊதுகிறான்.
கெண்டைக்கும் எக்காளம்
கிழிந்த செருப்புக்கும் எக்காளம்.
எனக்கே கேட்கிறதென்றால் பாருங்கள்!
இந்தக் கூத்துக்கு நடுவிலா
மூன்று வருடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்?"
சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது என்றார்.
பிறகு,
"உங்கள் நரி என்ன சொல்லும்?"
தெரியாது என்றேன்.
தெரிந்துகொள்ளாதீர்கள் என்றார்.

அன்றிரவு வீட்டில்
ஒலிப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தேன்.
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
இங்கே அதற்கு ஒரு நடை இருக்கிறது:
பம்பு உருளும் தாளத்தில்
என் ரத்தம் வெளியே போய்த் திரும்பும் தாளத்தில்
பாதம் வைக்கும்.
அதற்கு மேல் யாராவது பியானோ வாசித்தால்
நான் என்ன செய்ய.
விரலை எடுத்துவிட்டேன்.

இன்று வெள்ளி.
குழாய் எங்கோ மடங்கி இயந்திரம் அலறுகிறது.
ஆட்டத்தை நிறுத்துகிறேன்.
நரி விளக்கைக் கீழே வைத்துவிட்டு
பனியில் உட்கார்ந்து
என்னைப் பார்க்கிறது.
தரையில் வெளிச்சம் ஒரு பக்கம் சாய்கிறது.
கிங்கா வருகிறாள்.