அழிறப்பர்

அடுத்த மாத றோஸ்டரைப் பென்சிலால் எழுதுகிறேன்.
பேனையால் எழுதியதெல்லாம் போன வருசம்,
துலக்சனா இருந்த வருசம்.

வந்து மூன்றாம் மாதம் அவளுக்கு.
கிழவர் ஒருவரின் கையில் நரம்பு பிடிபடவில்லை.
இரண்டு தரம் குத்தி, மூன்றாவதுக்குத் தயங்கி நின்றவளை
வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கேட்டேன்:
“மூணு வருசமா என்னத்தப் படிச்ச நீ?”
கிழவர்தான் சொன்னார்,
“எனக்கு நோகல்ல மிஸி, புள்ள குத்தட்டும்.”

அவள் அழவில்லை.
ட்ரேயைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

களுவாஞ்சிகுடியில் பின்னேரக் கடமை ஏழுக்கு முடியும்.
குருமண்வெளித் துறையில் கடைசிப் பாதை ஆறரைக்கு.
அந்த அரை மணித்தியாலத்தை நான் பார்த்ததேயில்லை.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி,
யாரோ ஒரு சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில்,
யானைக்குப் பயந்து பயந்து
அவள் மண்டூர் போய்ச் சேர்ந்த இரவுகளை
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

விலகல் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்றிருந்தது.
வாவியின் அகலம் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்குள் கிடந்தது.
இப்போது கட்டாரில்.
எப்போதாவது வட்ஸ்அப்பில் ஒரு ரோசாப்பூ, காலை வணக்கம்.
நானும் ஒரு ரோசாப்பூ அனுப்புவேன்.
வேறென்ன அனுப்ப?

இந்த முறை இரண்டு பேர்.
றிஸ்மினா, மருதமுனை.
யதுஷா, திரும்பவும் மண்டூர்.
முதல் நாளே கேட்டேன்: எப்படிப் போவாய்,
எத்தனை மணிக்குப் பாதை, சாப்பாடு எங்கே.
வெருண்டுபோய்ப் பார்த்தாள்,
பொலிஸில் விசாரிக்கிற மாதிரி இருந்திருக்கும்.

யதுஷாவுக்குக் காலைகள்.
மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்; நியாயம்தான்,
பின்னேரத்தையே எத்தனை நாள் ஒருத்தி சுமப்பாள்?
அழித்தேன். எழுதினேன். தாள் மெலிந்துவிட்டது.
பின்னேரம் விழும் நாட்களில் அவள் தங்க
குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில் கேட்டு மூன்று கடிதம் போட்டேன்.
நாலாவதுக்குக் கட்டில் வந்தது,
மெத்தை வரவில்லை.

நேற்று யதுஷாவுக்கும் நரம்பு பிடிபடவில்லை.
இரண்டு தரம்.
திரையை இழுத்துவிட்டு டோர்ச்சைப் பிடித்தேன்.
“நீங்களே குத்துங்க சிஸ்டர்.”
குத்தினேன். எனக்கும் தவறியது.
கட்டிலில் கிடந்த அம்மா சிரித்தா,
“ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமோ?”
பிறகு யதுஷா மற்றக் கையை எடுத்தாள்.
ஏறியது.

பதினேழாம் திகதி இரவுக்கு இன்னும் ஆளில்லை.
என் பெயரை எழுதுகிறேன்.
முழங்கால் முணுமுணுக்கிறது.
அதுவும் நியாயம்தான்.