மூன்றாம் காலை

முதல் நாள் தீப்பெட்டியில் கொண்டுவந்தாள்.
டப்பா கொடுத்தனுப்பியும் தீப்பெட்டிதான்.
டப்பாவில் உப்புப் போட்டு வைத்திருக்கிறாளாம்,
நல்ல மூடி.

இருளாயி, சின்னப்பாலம்.
தொழில்: பாசி எடுப்பது.
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே
மகளைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தாள்.
மோனிஷாவுக்கு ஏழு வயது, எடை பதினாலு.
வயிறு மட்டும் பானை.
ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை.
"தொக்கம் ரெண்டு வாட்டி எடுத்தாச்சு சார்,
எலும்புத் துண்டுகூட ஒண்ணு வந்துச்சு."

முதல் ஸ்லைடில் கொழுப்புத் துளிகள்.
இரண்டாம் நாளும் அவ்வளவுதான்.
நெகட்டிவ் என்று எழுதப்போய்ப்
பேனாவை மூடினேன்.

மூன்றாம் காலை, கரண்ட் போய் வந்த பிறகு,
உப்புநீர்ச் சொட்டுக்குள்
பூவரச இலை உதிர்வதுபோல்
புரண்டு புரண்டு இறங்கியது ஒன்று.
பேரிக்காய் முகம். இரண்டு கண்.
குனிந்திருந்த என்னை
அது நிமிர்ந்து பார்த்தது.

ஜியார்டியா.

டாக்டர் மாத்திரை எழுதினார்,
கசக்கும், வெல்லம் கொடு என்றார்.
மீதி என் வேலை:
"தண்ணியைக் கொதிக்கவச்சு ஆறவச்சுக் குடுங்க."
தினமும் சொல்கிற வாக்கியம்,
வாய் தானாகச் சொல்லும்.

அவள் கணக்குப் போட்டாள்.
லாரித் தண்ணி குடம் பத்து ரூவா.
லாரி வராத நாளில்
மணலைத் தோண்டிச் சிரட்டையால் மோந்த ஊத்துத் தண்ணி.
அதுக்கு மேட்டில், இருபது எட்டில்,
காலனிக் கக்கூஸ் குழி.
"காசு குடுத்து வாங்குனத
ஆவியா விடச் சொல்றீக."

என் மேஜையில் குளோரின் பொட்டலம் இருந்தது.
இந்த ஆளுக்கு அது அவ்வளவாய் உறைக்காது.
"குடிக்கிற ஒரு குடத்தை மட்டும்," என்றேன்,
"தளதளன்னு ஒரு நிமிஷம் போதும்."
குழியைப் பற்றிப் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதினேன்.
அது எந்தக் குழியில் கிடக்கிறதோ.

பத்து நாள் கழித்துத் தனியாக வந்தாள்.
மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.
கையில் அந்த டப்பா,
உப்பைக் கொட்டிக் கழுவியது.
உள்ளே ஊற்றுத் தண்ணீர்.
"இதையும் அந்தக் கண்ணாடியில பாருங்க."

ஒரு சொட்டில் தெரியாது.
குடம் குடமாக வடிகட்டிப் பார்க்கவேண்டும்,
அதற்கு வேறு லேப், வேறு ஊர்.
ஆனாலும் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை என்றேன்.

துணி சுற்றிய விரல்களால்
மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
"அப்ப இன்னும் ரெண்டு நாள்
கொண்டாரணுமா?"