அட்வான்ஸில் கழித்தது

முதல் நாள் சமையல் மேடையில்
சிந்திய கருஞ்சீரகம் என்றுதான் துடைத்தேன்.
நாங்கள் கருஞ்சீரகம் வாங்குவதே இல்லை என்பது
பஸ் வடபழனி தாண்டும்போது உறைத்தது.

நான் லேபில் வேலை செய்கிறவள்.
ஊரார் கழிவுக்கு எண் ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவள்.
மறுநாள் ஒன்றை எடுத்து ஸ்கேல் மேல் வைத்தேன்.
ஐந்து மில்லிமீட்டர், முனை கூர்.
சுண்டெலி.

பரணில் கிடைத்தது வேறு.
இரண்டு பங்கு நீளம், லேசாக வளைந்து,
அமுக்கினால் இன்னும் மெத்தென்று.
நேற்று ராத்திரியுடையது.
இது ஏறி வருகிற ஜாதி.
எதிர்வீட்டு முருங்கையிலிருந்து கேபிள் ஒயரில்
உடம்பைவிட நீண்ட வாலைச் சமன்செய்தபடி
ஒருநாள் அது வருவதையே பார்த்தேன்.
நின்றது. என்னைப் பார்த்தது.
பிறகு, வாடகை கொடுக்கிறவள் போல
உள்ளே போனது.

"மூஞ்சூறும்மா அது" என்றார் தணிகாசலம் சார்.
"பிள்ளையார் வாகனம். விரட்டினா ஆகாது.
நம்ம வீட்ல எலியே கிடையாது."

மூஞ்சூறு எலியே இல்லை சார்.
அதற்கு மூக்கு நீளம், கண் ஒரு பொட்டு,
சுவரோரம் கீச்சுக்கீச்சென்று ஓடும்,
ஓடின இடத்தில் ஒரு நெடி நிற்கும்,
கரப்பானைத் தின்றுவிட்டுத் தன் வழியே போகும்.
இது சோப்பில் இரண்டிரண்டாய்ப் பல் பதிக்கிறது.
அரிசி மூட்டையின் மூலையைத் திறக்கிறது.

"எலியிலதான் டிகிரி வாங்கினியா?"

சகாயராணி துணிக்கடையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு வருவாள்.
அவளுக்கு ஸ்கேல் வேண்டாம், காது போதும்.
"கொறிக்குது, இது சின்னது.
உருட்டுது, இது பெருசு.
கீழ டிரெய்னேஜ் பக்கம் தோண்டுது பார்,
அது பெருச்சாளி. பூனையே வழிவிடும். தூங்கு."

ஆடியில் ஒரு காலை
சாரின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை.
மெக்கானிக் சீட்டைத் தூக்கினான்.
உள்ளே ஒரு வீடு.
சகாயராணியின் நீலத் துப்பட்டா நூல்நூலாக,
தேங்காய் நார்,
போன மாத வாடகை ரசீது
அவர் கையெழுத்தோடு துண்டுதுண்டாக.
நடுவில் இளஞ்சிவப்பாய் ஆறு,
கண் திறக்காமல்.
"ஒயர் பூரா போச்சு சார். எலி."
சார் என்னைப் பார்த்தார்,
நான் பெற்றவை போல.

பசை அட்டை வைத்தோம். பொறி வைத்தோம்.
மசால் வடை நாலு ரூபாய் ஏறியது.
பிடிபட்டதை என்ன செய்தோம் என்று
இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு ராத்திரி டார்ச்சோடு குனிந்து
அறை முழுக்கச் சுவரடியில் தேடினேன்.
விரல் அகலத்தில் ஒரு பிசுக்குக் கோடு.
ஒரே உடம்பு, ஒரே பாதை,
எத்தனையோ ராத்திரி உரசி உரசி.
நிமிரும்போது வெளிச்சம் மேலே போனது.
ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு பிசுக்கு,
வட்டமாக, ஒரு தலை அளவு.
யாரோ தினமும் இங்கே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.
தேங்காய் எண்ணெய் இல்லை. நல்லெண்ணெய் வாசம்,
அல்லது அப்படித் தோன்றியது.
எவ்வளவு நாள் என்று அளக்க
என்னிடம் ஒன்றும் இல்லை.

காலி செய்த அன்று சார் டார்ச் கேட்டார்.
கொடுத்தேன்.
ஆணித் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்,
நான் புழுக்கை எண்ணிய அதே பொறுமையோடு.
வட்டத்தில் நின்றார்.
"இது யாரு, நீயா அவளா?"

சகாயராணி உட்கார்ந்து காட்டினாள்.
அவள் தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது.
நானும் உட்கார்ந்தேன்.
எனக்கும் எட்டவில்லை.

சுவர்க் கறை, ஐந்நூறு, என்று எழுதிக்கொண்டார்.
கீழே ஓடிய கோட்டை
யார் பெயரிலும் எழுதவில்லை.