அரைச் சொகுசு

மத்திய பஸ் நிலையத்தில்
முன்கண்ணாடியில் சிவப்பெழுத்தில்
அரைச் சொகுசு என்று ஒட்டிய பஸ்ஸுக்கு
ஒன்றரை மடங்கு கட்டணம்.
மற்றப் பாதி எங்கே என்று
கொண்டக்டரிடம் ஒருநாள் கேட்டேன்.
"திரைச்சீலை போட்டிருக்கு, தெரியேல்லையோ?"

அன்றிலிருந்து அந்தச் சொல்லில் எனக்குச் சந்தேகம்.
ஆனாலும் பாருங்கோ, சோறு போடுவது அதுதான்.
ஸ்ரான்லி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே
மூன்று கணினியும் ஒரு ஃபானும் உள்ள அறையில்
விளம்பரத்துக்கு வசனம் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில்
எல்லாருக்கும் பொன் வேண்டும்.
கல்யாண மண்டபம், தளபாடக் கடை,
மிளகாய்த்தூள் பக்கற்றுக்கும்
தங்க எழுத்து, ஓரத்தில் மினுக்கம்,
உச்சியில் கிரீடம்.
சிங்கம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு பொன் மங்கிக் கறுப்பு வந்தது.
கறுப்பும் போய் வெள்ளை.
வெள்ளையின் ஒரு மூலையில் எறும்பளவு பெயர்.
பெயர் சிறுக்கச் சிறுக்க விலை பெருத்தது.
கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் ஒருவர்
பெயர்ப்பலகையையே கழற்றிவிட்டார்,
தெரிந்தவர் வந்தால் போதுமாம்.
இரண்டு மாதம் தபால்காரனும் வரவில்லை.

இந்தக் கிழமை வந்தவர் மயூரதன், சூரிச்சிலிருந்து.
கசங்கிய லினன் சட்டை,
கசங்குவதற்கென்றே கூடக் காசு கொடுத்தது.
காரைநகரில் கடலைப் பார்த்த காணி, ஆறு அறை.
"சொகுசு எண்ட சொல்லு எங்கயும் வரக்கூடாது,
அது பஸ்ஸில எழுதுறது" என்றார்.
தலையாட்டினேன்.

அவர் விற்கப்போவது இருட்டு.
ஏழு மணிக்கு மெயின் சுவிட்ச் நிற்கும்.
கைபேசிகள் ஓலைப்பெட்டிக்குள் போகும்.
குளிக்க வாளியும் கிணறும்.
மேசைக்கு ஒரு ஜாம் போத்தல்,
அடியில் பஞ்சு, ஒரு விரல் மண்ணெண்ணெய், திரி.
ஓர் இரவு எழுபத்தெட்டாயிரம்.

ஜாம் போத்தலைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நான் எண்பத்தாறில் பிறந்தவள்.
மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும்
தாண்டிக்குளத்தைத் தாண்டாத காலத்தில்
வாய்ப்பாடு படித்தவள்.
ஒருமுறை யாரோ ஒளித்துக் கொண்டுவந்த
றோசாநிறச் சவர்க்காரத்தை
அம்மா நூலால் நாலாக அறுத்தா.
மூன்று துண்டு அயலுக்குப் போனது.
உறை எனக்கு.
அதிலிருந்த பெண்ணின் நனைந்த தோள்பட்டையை
சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.
சொகுசுக்கு ஒரு மணம் இருந்தது அப்போது,
பக்கம் எண்பத்தொன்றில்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
ஒன்றுதான் கேட்டேன்:
"இடையில ஆருக்கும் பயம் வந்தா?"
"பெல் அடிச்சாச் சரி.
பின்னால ஜெனரேற்றர் நிக்குது,
நாலு செக்கனில வெளிச்சம்."

விளங்கிவிட்டது.
விலை இருட்டுக்கில்லை,
அந்த நாலு செக்கனுக்கு.

'நீங்கள் சொன்னால் விடியும்'
என்று எழுதிக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா
ஜெனரேற்றரைப் பற்றிக் கதைக்கக் கூடாது."
கடைசியில் அவர் எடுத்தது
'இரவு, இருந்தபடி.'
இரண்டே சொல்.
பில்லில் ஒன்றரை மடங்கு போட்டேன்.
கேள்வியில்லாமல் கட்டினார்.

அன்று பின்னேரம் ஏழு பத்துக்கு
வீதி முழுக்கக் கரண்ட் போனது.
ஜெரோம் திரையைப் பார்த்துத் தூஷணத்தில் ஏசினான்,
அரைநாள் வேலையை அவன் சேமித்திருக்கவில்லை.
யூ.பி.எஸ். கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டு அடங்கியது.
கீழே மருந்துக்கடைக்காரர்
இன்சுலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி
ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கத்தினார்.

கைபேசி வெளிச்சத்தைப் படியில் பிடித்தேன்.
பதினெட்டு வீதம் சார்ஜ் இருந்தது.
அவர் பெரியகடைப் பக்கம் ஓடினார்.
நானும் பின்னால் ஓடினேன்,
வெளிச்சத்தை அவர் காலடியில் போட்டுக்கொண்டு.